கேள்வி-பதில்: குரூப்புக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி

போன இதழ்ல தேயிலை, காப்பி, ஹோம்ஸ்டே, ஸ்கூல்னு மலையில தொழில் பாக்கறவங்க சேர்ந்து நடத்தற இமெயில் குரூப்கள் பத்தி, அதாவது ஒரு அட்ரஸுக்கு எழுதினா மெம்பர் எல்லாருக்கும் போற மெயில் பத்தி, நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு கோத்தகிரியில இருந்து தாண்டிக்குடி வரைக்கும் இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டிருக்கீங்க, அதனால ஊர் மட்டும் போட்டிருக்கேன். ஒரே மாதிரி வந்தத எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரி ஊழியர்: அக்கா, எங்க தொழிலுக்குன்னு ஒரு மெயில் குரூப் இருக்கு. நீலகிரி, வால்பாறை, மூணாறு, வயநாடு ஆளுங்க எல்லாம் இருக்காங்க, ரிட்டயர்டு விஞ்ஞானிகளும் இருக்காங்க. டிரையர் தொந்தரவு பண்ணுதுன்னு ‘அர்ஜெண்ட் ஹெல்ப் நீடட்’னு சப்ஜெக்ட் போட்டு அனுப்பினேன். ஒருத்தர் கூட பதில் போடல. சின்னப் பையன்னு கண்டுக்கலையா?

சின்னப் பையன்னு யாரும் ஒதுக்கல தம்பி, உங்க மெயிலுக்கு பதில் சொல்ல வழியே இல்ல, அதான் விஷயம். நீங்க எனக்கு அனுப்பின காப்பியில இருந்தது இவ்ளோதான்: டிரையர்ல பிரச்சனை, தூள் சரியா வரல, தெரிஞ்சவங்க இந்த நம்பருக்கு கூப்பிடவும். இத ஒரு மேனேஜர், இலை லாரி வந்து நிக்கற நேரத்துல போன்ல பாக்கறார்னு வைங்க. சிடிசியா (இலைய நொறுக்கி குருணையாக்கற முறை) ஆர்த்தடாக்ஸா (இலைய சுருட்டற முறை), எந்த மாதிரி டிரையர், சூடு காத்துல தூள மிதக்க விட்டு காய வைக்கற எஃப்பிடியா வேறயா, உள்ள போற காத்து சூடு எவ்ளோ, தூள்ல ஈரம் எவ்ளோ, எப்ப இருந்து இப்படி, விறகு காஞ்சிருக்கா நனைஞ்சிருக்கா, ஒண்ணுமே தெரியாம அவர் என்னத்த எழுதுவார்? திருப்பி ஆறு கேள்வி கேக்கணும், சரி வேற யாராச்சும் கேப்பாங்கன்னு அடுத்த மெயிலுக்கு போயிடுவார். குரூப்ல முன்னூறு பேர் இருந்தா முன்னூறு பேரும் அதே நெனப்புலதான் போவாங்க.

சப்ஜெக்ட்டுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடணும். ‘அர்ஜெண்ட்’ங்கறது உங்களுக்கு மட்டும்தான் அர்ஜெண்ட். அதுவும் இல்லாம ரெண்டு வருஷம் கழிச்சு இதே தொந்தரவோட பழைய மெயில தேடற இன்னொரு ஃபேக்டரிக்காரர் கண்ணுல ‘அர்ஜெண்ட் ஹெல்ப்’ படவே படாது. குரூப்புக்கு எழுதற மெயில் அன்னிக்கு படிக்கறவங்களோட முடியறதில்ல, பின்னாடி தேடி வர்றவங்களுக்கும் சேர்த்துதான் எழுதறோம், இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மத்தது எல்லாம் தானா வந்துடும். இப்படி போட்டுப் பாருங்க, நம்பர் எல்லாம் உதாரணத்துக்கு, உங்க லாக் புக்ல இருக்கறத போட்டுக்கங்க:

சப்ஜெக்ட்: சிடிசி, எஃப்பிடி டிரையர் – மழைக்கு அப்பறம் தூள்ல ஈரம் 3ல இருந்து 5 சதவீதத்துக்கு ஏறுது

வணக்கம். கோத்தகிரி பக்கம், இலைய வெளிய வாங்கி தூளாக்கற ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில குவாலிட்டி பாக்கறேன். வழக்கமா தூள்ல ஈரம் 3 சதவீதம் கிட்ட நிக்கும், மழை பிடிச்சதுல இருந்து 5 வரைக்கும் போகுது. டிரையருக்குள்ள போற காத்து 130 டிகிரி இருந்தது, இப்ப 115 தாண்ட மாட்டேங்குது. விறகு ஷெட்ல ஒழுகல் இருக்கு. இலை போடற வேகத்த குறைச்சுப் பாத்தோம், கொஞ்சம் தேவலை, ஆனா வர்ற இலை தேங்கிடுது. பழைய மெயில்கள்ல தேடினேன், விதரிங் (இலைய வாட வைக்கறது) பத்திதான் இருக்கு, ஹீட்டர் பத்தி இல்ல. நீங்களா இருந்தா எத முதல்ல பாப்பீங்க?

இதுக்கு பதில் வராம இருக்காது. ஏன்னா படிக்கறவர் மனசுல ஏற்கனவே பாதி பதில் ஓட ஆரம்பிச்சிருக்கும், ‘விறகுதான் தம்பி, முதல்ல ஷெட்ட பாருங்க’ன்னு ஒரே வரியில கூட முடிச்சுக்கலாம். பழசுல தேடினேன்னு சொன்னது ரொம்ப முக்கியம், மழைக்கால தொந்தரவு வருஷா வருஷம் வர்றதுதான், கண்டிப்பா யாராச்சும் கேட்டிருப்பாங்க. அப்பறம் அந்த போன் நம்பர எடுத்துடுங்க. போன்ல வாங்கற பதில் உங்களோட போயிடும், குரூப்ல எழுதி வாங்கினா அங்கேயே கிடக்கும். கீழ கையெழுத்து மாதிரி பேரு, வேலை, ஊரு, மெயில் அட்ரஸ், நாலு வரிக்குள்ள போதும். சில பேர் கம்பெனி லோகோ, தத்துவம், ‘இந்த மெயில பிரிண்ட் எடுக்காதீங்க, மரத்த காப்பாத்துங்க’ன்னு அரைப் பக்கத்துக்கு போடறாங்க, எனக்கு அத பாத்தாலே கடுப்பா வரும்.

நாலு நாள் பொறுத்தும் பதில் இல்லையா, ‘எனி அப்டேட்?’னு கேக்காதீங்க. அதே மெயிலுக்கு கீழ, இந்த நாலு நாள்ல என்ன பண்ணிப் பாத்தீங்க, என்ன மாறுச்சுன்னு சேர்த்து போடுங்க. அதுக்கு பேசுவாங்க.

கொடைக்கானல், ஹோம்ஸ்டே நடத்துபவர்: எங்க டூரிசம் குரூப்ல ஒருத்தர் ரொம்ப பீத்திக்கிட்டு எழுதியிருந்தார். நண்பருக்கு மட்டும்னு நெனச்சு ‘இவர் ரூம்ல தண்ணியே வராது, பேச்சு மட்டும் பெரிசு’ன்னு ரிப்ளை அடிச்சேன், அது மொத்த குரூப்புக்கும் போயிடுச்சு. திரும்ப எடுக்க வழி இருக்கா?

இல்லைங்க. போனது போனதுதான், ஒவ்வொருத்தர் இன்பாக்ஸ்லயும் ஒரு காப்பி உக்காந்திருக்கு. ஜிமெயில்ல ‘அன்டூ’ன்னு ஒண்ணு வரும், அது சில நொடிதான், செட்டிங்ஸ்ல போய் 30 நொடி வரைக்கும் நீட்டி வச்சுக்கலாம், அடுத்த தடவைக்கு உதவும். அவுட்லுக்ல ‘ரீகால்’ இருக்கேம்பாங்க, அது ஒரே ஆபீஸ் சர்வருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான், வெளிய இருக்கறவங்களுக்கு ‘இவர் மெயில திரும்ப எடுக்கப் பாக்கறார்’னு இன்னொரு மெயில் போய், படிக்காதவங்களும் தேடிப் படிப்பாங்க.

இப்ப பண்ண வேண்டியது, முதல்ல அந்த ஆளுக்கு நேரா போன். மெயில் வேண்டாம், போன், முடிஞ்சா நேர்லயே போங்க, கொடைக்கானல்ல எல்லாரும் ஏழு ரோடு பக்கம் எப்படியும் பாத்துக்கத்தானே போறீங்க. அப்பறம் குரூப்புக்கு ஒரே வரி: ‘நான் தனிப்பட்ட முறையில அனுப்ப நெனச்சது இங்க வந்துடுச்சு, அப்படி எழுதினதே தப்பு, அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.’ அவ்ளோதான். பையன் போன எடுத்துட்டான், ஹேக் ஆயிடுச்சுன்னு கதை விடாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க, அந்தக் கதை பத்து வருஷத்துக்கு ஓடும்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, சில குரூப்ல ரிப்ளை அடிச்சா எழுதினவருக்கு மட்டும் போகும், சிலதுல மொத்த குரூப்புக்கும் போகும், குரூப் ஓனர் எப்படி செட் பண்ணியிருக்காரோ அப்படி. உங்க குரூப் ரெண்டாவது வகை. அதனால ஒருத்தருக்கு மட்டும் எழுதணும்னா ரிப்ளை பட்டன் பக்கமே போகாதீங்க, புது மெயில் திறந்து அட்ரஸ கையால டைப் பண்ணுங்க.

இந்த மாதிரி நேரத்துல மத்தவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு, சும்மா இருக்கறது. ‘சார் இது குரூப்புக்கு வந்திருக்கு’ன்னு நாப்பது பேர் குரூப்புக்கே எழுதுவாங்க பாருங்க, அதுதான் பெரிய கூத்து. 1997ல மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குள்ளயே இது நடந்திருக்கு. ‘பெட்லம் டிஎல்3’ன்னு ஒரு லிஸ்ட்ல ஆயிரக்கணக்கான பேர் பேரு இருந்துச்சு, ஒருத்தர் என்னை எடுத்துடுங்கன்னு எல்லாருக்கும் எழுத, ‘என்னையும்’ ‘என்னையும்’னு ஆளாளுக்கு எழுத, மெயில் சர்வரே திணறிப் போச்சு. 2016 நவம்பர்ல இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையான என்ஹெச்எஸ்ல ஒரு டெஸ்ட் மெயில் 8 லட்சத்துக்கும் மேல ஊழியர்களுக்கு தவறிப் போய், அதுக்கு எல்லாரும் ரிப்ளை ஆல் அடிச்சதுல ஆஸ்பத்திரி மெயிலே அன்னிக்கு நத்தை மாதிரி நகந்துச்சு. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களே அப்படின்னா நாம எம்மாத்திரம்.

கொடைக்கானல், இன்னொருவர்: ரூம்ல டிவிய உடைச்சுட்டு காசு குடுக்காம போன கஸ்டமரோட ஆதார் காப்பிய ஓனர்ஸ் மெயில் குரூப்ல போட்டு மத்தவங்கள எச்சரிக்கலாமா? இன்னொண்ணு, மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும்னு வந்ததுக்கு அப்பறம் கூட்டம் ஒரு நிலையா இல்ல, சீசனுக்கு எல்லாரும் ஒரே ரேட் வச்சுக்கலாம்னு ஒருத்தர் அதே குரூப்ல எழுதியிருக்கார். நானும் ஓகே போடலாமா?

ரெண்டும் வேண்டாம், ரெண்டுமே வினையில போய் முடியும்.

ஆதார அவர் குடுத்தது ரூம் எடுக்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படையே, எதுக்காக வாங்கினோமோ அதுக்கு மட்டும்தான் அந்தத் தகவல பயன்படுத்தணும்ங்கறது. குரூப்ல போட்டா அது எத்தனை பேர் போன்ல, எத்தனை வாட்ஸப்புக்கு போகும்னு உங்களால சொல்ல முடியுமா? போட்டோவும் பேரும் போட்டு ‘இவன் திருடன்’னு எழுதினீங்கன்னா, பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுல அவதூறு கேஸ் போட அவருக்கு வழி இருக்கு. டிவி போனது உங்களுக்கு, கோர்ட்டுக்கு அலையறதும் நீங்களா? போலீஸ்ல ஒரு புகார் குடுங்க, குரூப்ல ஆள விட்டுட்டு நடந்தத எழுதுங்க: ‘நைட் லேட்டா வந்து, அட்வான்ஸ் குடுக்காம, காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டாங்க, ரூம் செக் பண்ண டைம் குடுக்கல, இனிமே நான் டெபாசிட் வாங்கப் போறேன்.’ இது எல்லாருக்கும் உதவும், யாரையும் இழுக்கல. அப்படியே ஒண்ணு, கஸ்டமர்கிட்ட கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரே வாங்கிப் பழகுங்க.

ரேட் விஷயம் அதவிட பெரிசு. போட்டி போடற தொழில்காரங்க சேர்ந்து பேசி விலைய நிர்ணயிக்கறது 2002ம் வருஷத்து போட்டிச் சட்டம் 3வது பிரிவுல தடை. டீக்கடையில பேசினாலும் தப்புதான், ஆனா மெயில் குரூப்ல எழுதினா தேதி, நேரம், யார் யார் ஓகே சொன்னாங்கன்னு சாட்சியும் நாமளே எழுதி வச்ச மாதிரி ஆயிடும். வெளிநாட்டுல தொழில் சங்கங்களோட மெயில் குரூப் விதிமுறைகள்ல விலை பத்தி பேசக்கூடாதுன்னே தனியா எழுதி வச்சிருப்பாங்க, இதுக்குத்தான். ‘ஓகே’ன்னு ஒத்த வார்த்தை கூட போடாதீங்க. சும்மா இருந்தா சம்மதம்னு ஆயிடுமோன்னு பயமா இருந்தா ‘என் ரேட்ட நானே பாத்துக்கறேன், இத இங்க பேச வேண்டாம்’னு போட்டுட்டு விடுங்க. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்ததால கெஸ்ட்டுக்கு வர்ற குழப்பம், வத்தலக்குண்டு ரோட்ல எங்க மண் சரிஞ்சிருக்கு, தண்ணி லாரி, குப்பை, இதெல்லாம் பேசுங்க, குரூப் இருக்கறதே அதுக்குத்தானே.

மஞ்சூர், சிறு தேயிலை விவசாயி: செடியில நோய் வந்தா போட்டோ எடுத்து குரூப்புக்கு அனுப்பறேனுங்க. பாதி நேரம் மெயில் போகவே மாட்டேங்குது, போனாலும் பதில் இல்ல. வாட்ஸப்ல போட்டா சுலபம்தானே, மெயில் எதுக்குன்னு பையன் கேக்கறான்.

பையன் கேக்கறதுல நியாயம் இருக்குங்க. ‘இப்ப ரோட்ல மரம் விழுந்திருக்கு’ங்கறதுக்கு வாட்ஸப்தான் சரி. ஆனா போன ஆடி மாசம் கொப்புள நோய்க்கு ஒருத்தர் என்ன மருந்து எந்த அளவுல சொன்னார்னு இப்ப வாட்ஸப்ல தேடிப் பாருங்க, குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவுல கிடைக்கவே கிடைக்காது. மெயில்ல ஒரு விஷயத்துக்கு வந்த பதில் எல்லாம் ஒரே கட்டா இருக்கும், தேடினா வரும். இன்னொண்ணு, மெயில் குரூப்ல உங்க போன் நம்பர் எல்லாருக்கும் தெரியாது, மருந்துக் கடைக்காரங்க போன் பண்ணி உயிர எடுக்க மாட்டாங்க.

போட்டோ போகாததுக்கு காரணம் சைஸ். ஜிமெயில்ல ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான், அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அட்டாச்மெண்ட்ட மெயில் வழியா அனுப்பறதுக்காக எழுத்தா மாத்தும்போது சைஸ் மூணுல ஒரு பங்கு கூடிடும், 18 எம்பி போட்டோ 24 எம்பி ஆயிடும். உங்க போன்ல எடுத்த நாலு போட்டோவே அவ்ளோ வந்துடும். அதுக்கும் மேல நிறைய குரூப்ல ஓனர் சின்ன சைஸ் வரைக்கும்தான் விடுவார், சில குரூப்ல அட்டாச்மெண்டே வெட்டிடுவாங்க. படிக்கறவர் அவலாஞ்சி பக்கமோ அப்பர் பவானி பக்கமோ ஒரு கோடு சிக்னல்ல உக்காந்திருந்தா அவர் போன் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

அதனால ரெண்டு போட்டோ போதும், இலை மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, பக்கத்துல ஒரு ஒரு ரூபா காயின் வச்சு எடுங்க, புள்ளி எவ்ளோ பெரிசுன்னு தெரியும். போன்லயே சைஸ குறைச்சு அனுப்புங்க. டிரைவ்ல போட்டு லிங்க் குடுக்கறதா இருந்தா லிங்க் இருக்கற யார் வேணா பாக்கலாம்னு மாத்திட்டு குடுங்க, இல்லன்னா பாக்கறவங்க ஒவ்வொருத்தரும் அனுமதி கேட்டு உங்களுக்கு மெயில் வரும், அவங்களுக்கும் பொறுமை போயிடும். எல்லாத்தையும் விட முக்கியம், போட்டோவுல என்ன இருக்குன்னு எழுத்துல எழுதிடுங்க. ‘கொழுந்து இலைல வட்டமா வெளிர் புள்ளி, அடியில வெள்ளையா உப்பியிருக்கு, பத்து நாளா வெயிலே இல்ல, கவாத்து பண்ணி மூணு மாசம்’, இப்படி எழுதினா போட்டோ திறக்காமலே கொப்புள நோயா இருக்கலாம்னு ஒருத்தர் சொல்லிடுவார். லிங்க் ஒரு நாள் செத்துப் போகும், எழுதினது இருக்கும்.

எல்லநள்ளி, பெண் வாசகர்: குரூப்ல எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதறாங்க. எனக்கு படிச்சா புரியும், எழுத வராது. தமிழ்ல எழுதினா மட்டமா நெனைப்பாங்களா அக்கா?

குரூப்ல மலையாளத்துக்காரங்களும் கன்னடக்காரங்களும் இருந்தா தமிழ்ல எழுதினா அவங்களுக்கு புரியாது, அதுதான் தடை, மட்டம்லாம் ஒண்ணும் இல்லம்மா. சின்னச் சின்ன வாக்கியமா, நம்பரோட, கிராமர் பத்தி கவலைப்படாம இங்கிலீஷ்ல எழுதுங்க, கீழயே தமிழ்லயும் ஒரு பத்தி போடுங்க. மெஷின் டிரான்ஸ்லேஷன்ல போட்டு எடுத்தா மருந்து பேரு, அளவு, ஊர் பேரு மூணையும் ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க, அங்கதான் அது காலை வாரும். இங்கிலீஷ் எழுத்துல தமிழ டைப் பண்றது மட்டும் வேண்டாம், அது ரெண்டு பேருக்கும் புரியாது, தேடினாலும் கிடைக்காது.

தமிழ்ல மெயில் குரூப் நடத்தறது புதுசும் இல்ல. 1995லயே தமிழ்.நெட்னு ஆஸ்திரேலியாவுல இருந்து பாலா பிள்ளை ஆரம்பிச்சார், உலகம் பூரா இருந்த தமிழங்க அதுல எழுதினாங்க. எல்லா கம்ப்யூட்டர்லயும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வைக்கற யூனிகோட் எல்லாம் அப்ப கையில வரல, ஒருத்தர் ஃபாண்ட்ல எழுதினது இன்னொருத்தருக்கு பூச்சி பூச்சியா தெரியும். அதுக்கு ஒரு பொது முறை வேணும்னு சண்டை போட்டு, பேசி, டிஸ்கின்னு ஒரு எழுத்து முறைய உருவாக்கினதும் பெரும்பாலும் மெயில்லயேதான். 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டமும் அப்படித்தான், சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒருத்தர ஒருத்தர் முகம் பாக்காத ஆளுங்க பல நாட்டுல இருந்து மெயில்ல பேசிக்கிட்டே சங்க இலக்கியத்துல இருந்து டைப் அடிச்சு இணையத்துல ஏத்தினாங்க. அவங்க பட்ட பாட்டுக்கு முன்னாடி நமக்கு இப்ப போன்லயே தமிழ் கீபோர்டு இருக்கு, தயங்காதீங்க.

கூடலூர், ஆசிரியை: அறிவியல் ஆசிரியர்கள் குரூப்ல ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரு சீனியர் எல்லார் முன்னாடியும் முழுக்க பெரிய எழுத்துல ‘விதிமுறை படிச்சிட்டு வாங்க’ன்னு இங்கிலீஷ்ல திட்டிட்டார். விலகிடலாமான்னு இருக்கு.

விலகாதீங்க டீச்சர். நீங்க அனுப்பின மெயில பாத்தேன், அவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் மோசம். உங்களுக்கு குரூப் மெயில் தனித்தனியா வராம ஒரு நாளைக்கு ஒரே கட்டா, டைஜஸ்ட்டா வருது. நீங்க அந்த டைஜஸ்ட்டுக்கே ரிப்ளை அடிச்சு, மேல ரெண்டு வரி உங்க கேள்வி, கீழ அன்னிக்கு வந்த அத்தனை பேர் மெயிலும் தொங்குது, சப்ஜெக்ட்டும் ‘டைஜஸ்ட் வால்யூம்’னு இருக்கு. அதனால உங்க கேள்வி என்னன்னு யாருக்கும் தெரியல, போன்ல பாத்தவங்க கட்டைவிரல் தேயத் தேய கீழ இழுத்திருப்பாங்க. புது கேள்வின்னா புது மெயில், புது சப்ஜெக்ட். ஒருத்தருக்கு பதில்னா அவர் எழுதினதுல நீங்க எதுக்கு பதில் சொல்றீங்களோ அந்த ரெண்டு வரிய மட்டும் விட்டுட்டு மிச்சத்த வெட்டிடுங்க. பேச்சு வேற பக்கம் திரும்பிடுச்சுன்னா சப்ஜெக்ட்டயும் மாத்துங்க, அறிவியல் கண்காட்சின்னு சப்ஜெக்ட் இருக்கும், உள்ள டிரான்ஸ்பர் கவுன்சிலிங் பத்தி பேசிக்கிட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க.

அவருக்கு என்ன பதில் போடறதுன்னா, அன்னிக்கே போடாதீங்க. 1995 அக்டோபர்ல ஆர்எஃப்சி 1855ன்னு இணைய நடத்தை பத்தி ஒரு வழிகாட்டி வந்துச்சு, இன்டெல்ல வேலை பாத்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்தது. உணர்ச்சிவசப்பட்டு எழுதற பதில ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்புங்கன்னு அதுலயே இருக்கு. முழுக்க பெரிய எழுத்துல எழுதினா கத்தற மாதிரின்னும் இருக்கு, அந்த சீனியருக்கு அந்தப் பக்கத்த நான் சிபாரிசு பண்ணுவேன். புது குரூப்ல எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசம் சும்மா படிச்சுக்கிட்டு இருங்கன்னும் அதுல சொல்லியிருக்காங்க. ரெண்டு மாசம் எனக்கு அதிகமாத்தான் தெரியுது, ஒரு ரெண்டு வாரம் பாத்தாலே யார் எப்படின்னு பிடிபட்டுடும்.

காலைல எழுந்து கேள்விய மட்டும் ஒழுங்கா புது மெயிலா போடுங்க, திட்டினத பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். அவர்கிட்ட பேசறது குரூப்ப பாத்துக்கற மாடரேட்டர் வேலை, அதுவும் தனி மெயில்ல. குரூப்ல வச்சு அவரத் திருத்தப் போனா ரெண்டு கோஷ்டி ஆயிடும், அப்பறம் யாரும் சந்தேகமே கேக்க மாட்டாங்க. சீனியர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், புதுசா வந்தவங்க தப்பு பண்ணினா அவங்களுக்கு மட்டும் ஒரு மெயில் போட்டா போதுமே, நாலு பேர் பாக்க சொன்னாத்தான் உறைக்குமா?

ஊட்டி, அலுவலக ஊழியர்: லீவுல போகும்போது ஆட்டோ ரிப்ளை போட்டுட்டு போனேன். திரும்பி வந்து பாத்தா குரூப்ல எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டியிருக்காங்க.

குரூப்ல வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் ‘நான் 15ம் தேதி வரை விடுப்பில்’னு உங்க மெயில் குரூப்புக்கே பதில் போட்டிருக்கும், அந்த பதிலே குரூப் மெயிலா இன்னொருத்தர் ஆட்டோ ரிப்ளைக்கு போயிருந்தா ரெண்டு மெஷினும் ராத்திரி பூரா பேசிக்கிட்டிருந்திருக்கும். ஜிமெயில் குரூப் மெயில அடையாளம் கண்டு பேசாம இருந்துடும், பழைய ஆபீஸ் சர்வர்கள் சிலதுக்கு அந்த விவரம் பத்தாது. லீவுக்கு முன்னாடி குரூப் செட்டிங்ல ‘நோ மெயில்’னு மாத்திட்டு போங்க, வந்து வெப்ல படிச்சுக்கலாம். வீடு பூட்டியிருக்குன்னு முன்னூறு பேருக்கு சொல்றதும் புத்திசாலித்தனம் இல்ல பாருங்க.

குன்னூர்: பதில் கிடைச்சா குரூப்ல நன்றி சொல்லணுமா, வேண்டாமா?

சொன்னவருக்கு தனியா நன்றி. குரூப்புக்கு வெறும் ‘தேங்க்ஸ்’, ‘நோட்டட்’, கைகூப்பற பொம்மை வேண்டாம். ஆனா அஞ்சு பேர் அஞ்சு விதமா சொன்னதுல எத செஞ்சீங்க, எது வேலை செஞ்சுது, எது செய்யலன்னு ஒரு வாரம் கழிச்சு ஒரு மெயில் கண்டிப்பா போடுங்க. சன் கம்பெனி கம்ப்யூட்டர்கள பாத்துக்கிட்டவங்களுக்கு சன் மேனேஜர்ஸ்னு ஒரு பழைய மெயில் லிஸ்ட் இருந்துச்சு. அங்க பதில் எல்லாம் கேட்டவருக்கு நேராப் போகும், அவர் எல்லாத்தையும் சேர்த்து ‘சம்மரி’ன்னு சப்ஜெக்ட் போட்டு லிஸ்ட்டுக்கு எழுதணும், அதுதான் அங்க வழக்கம். கோத்தகிரி தம்பி, இது உங்களுக்கும்தான், ஷெட் ஒழுகல அடைச்சதும் ஈரம் எவ்ளோ வந்துச்சுன்னு எழுதுங்க.

பண்ணைக்காடு: ‘என்னை இந்த குரூப்பில் இருந்து நீக்கவும்’னு மூணு தடவை எழுதிட்டேன், எடுக்க மாட்டேங்கறாங்க!

குரூப்புக்கே எழுதினீங்களா? அத படிக்கற யாருக்கும் உங்கள எடுக்கற அதிகாரம் இல்லங்க. ஒவ்வொரு மெயில் அடியிலயும் ‘அன்சப்ஸ்க்ரைப்’னு ஒரு லிங்க் இருக்கும், இல்லன்னா ஜிமெயில்ல அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துலயே இருக்கும். எந்த அட்ரஸ்ல சேர்ந்தீங்களோ அந்த அட்ரஸ்ல இருந்துதான் பண்ணணும், பழைய அட்ரஸ்ல இருந்து புதுசுக்கு ஃபார்வர்டு போட்டு வச்சிருந்தீங்கன்னா அங்கதான் சிக்கல் இருக்கும்.

தாண்டிக்குடி, காப்பி விவசாயி: எங்க ஏரியா காப்பிக்காரங்க மெயில் குரூப்ப பல வருஷமா நான்தான் பாத்துக்கறேன். கண்ணு சரியில்ல, விட்டுடலாம்னு இருக்கேன். மூடிட்டா பழைய மெயில் எல்லாம் என்ன ஆகும்?

மூடாதீங்க ஐயா. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15ம் தேதியோட மூடினாங்க, அதுக்கு முந்தின வருஷமே பழைய மெயில், ஃபைல் எல்லாத்தையும் அழிக்க ஆரம்பிச்சுட்டாங்க, முன்னாடியே எடுத்து வைக்காதவங்களுக்கு இருபது வருஷப் பேச்சு காத்துல போச்சு. உங்க குரூப்ல காய்த்துளைப்பான் எந்த மாசம் வந்துச்சு, எந்த வருஷம் காப்பி பூக்கறதுக்கான பூ மழை வராம போச்சு, மிளகு எந்த மரத்துல ஏத்தினா நல்லா வந்துச்சுன்னு அந்த மண்ணுல நின்னவங்க எழுதினது இருக்கு, அது வேற எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது.

கூகுள் குரூப்ஸ்னா டேக்அவுட்ங்கற வசதியில குரூப் ஓனர் மொத்த மெயிலையும் ஒரே ஃபைலா இறக்கிக்கலாம். அதுல மெம்பர்கள் அட்ரஸ் எல்லாம் இருக்கும், அதனால ஒரு பென் டிரைவ்ல போட்டு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுங்க, வாட்ஸப்ல சுத்த விட்டுடாதீங்க. கண்ணு நல்லா இருக்கற இளசுங்க ரெண்டு பேர புடிச்சு இப்பவே ஓனரா சேர்த்துடுங்க, ஒருத்தர் மட்டும் வேண்டாம், அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்கு போயிட்டார்னா மறுபடியும் இதே கதை. பாஸ்வேர்ட குடுக்கத் தேவையில்ல, அவங்கவங்க மெயில்லயே ஓனர் ஆக்கலாம். சேர்ந்து ஒரு மாசம் அவங்க நடத்தட்டும், நீங்க பக்கத்துல இருந்து எந்த மெம்பர் எதுக்கு கோவப்படுவார்னு மட்டும் சொல்லிக் குடுங்க, அது எந்த ஃபைல்லயும் இறங்காது.